மூன்றாம் வேற்றுமையும் தண்டுவடமும்

சென்ற வாரம் ஊரிலிருந்து அண்ணன் பேசினார். பெரியப்பாவின் மகன், ஐந்தாண்டுகளுக்கு முன் தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்திருக்கிறார். "தம்பி, மூளையில சிப்பு வச்சு ஒருத்தர நடக்க வச்சிட்டாங்களாமே, அது நம்ம பக்கம் எப்ப வரும்?" என்று கேட்டார். பயிற்சிகளைச் செய்கிறீர்களா என்று கேட்டேன். "அதான் சிப்பு வரப்போகுதே" என்றார். ஐதராபாத் விடுதி அறையில் அன்றிரவு என் ஆய்வேடு ஒரு வரியும் நகரவில்லை. 'நடக்க வச்சிட்டாங்க' என்ற அந்த வினைமுற்றிலேயே மனம் நின்றுவிட்டது.

நான் மருத்துவன் அல்லேன். வாக்கியங்களைப் பற்றிப் பேச மட்டுமே எனக்குத் தகுதி உண்டு. ஆனால் இத்துறையைப் பற்றி நாம் எழுதும் வாக்கியங்களே பிழையானவை என்பதும், அப்பிழையின் சுமை நோயாளிகள்மீது விழுகிறது என்பதும் என் கருத்து.

அண்ணன் பார்த்த காணொளி, 2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் கிரெகுவார் கூர்த்தின், ஜோசலின் பிளோக் ஆகியோரின் சுவிட்சர்லாந்துக் குழு வெளியிட்ட ஆய்வைப் பற்றியது. நெதர்லாந்தைச் சேர்ந்த அந்த மனிதர் 2011இல் மிதிவண்டி விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் சேதமுற்றவர். எனினும் நரம்புத் தொடர்பு முற்றிலும் அறுந்தவர் அல்லர். அவருடைய மூளையின் இயக்கப் பகுதிக்கு மேலே, ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள் கொண்ட இரு பதிவுக் கருவிகளைப் பொருத்தினர். கீழ்முதுகில் தண்டுவடத்தின் மேலுறையில் 16 மின்முனைகள் கொண்ட தூண்டுபட்டை இருந்தது. அவர் காலைத் தூக்க முயலும்போது மூளையில் எழும் குறிகளைக் கணினி இனங்கண்டு, தண்டுவடத்தின் உரிய இடத்தைத் தூண்டச் செய்கிறது. அத்தூண்டல் தசையை நேரடியாக இழுப்பதில்லை. உணர்நரம்பு வேர்களின் வழியே தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களைக் கிளர்த்துகிறது. அவர் முயலாவிட்டால் அந்த அடி எழாது.

இப்போது பள்ளியில் படித்த மூன்றாம் வேற்றுமையை நினைவுகூர்வோம். 'ஆல்' உருபு கருவிப் பொருளிலும் கருத்தாப் பொருளிலும் வரும். 'ஓடு' உடனிகழ்ச்சிப் பொருளில் வரும். கருத்தாவும் இருவகை. கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் கரிகாலன் ஏவுதற் கருத்தா. மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் இயற்றுதற் கருத்தா. 'சிப்பால் நடந்தார்' என்னும் தொடரில் 'ஆல்' கருவிப் பொருளில் வந்துள்ளது. ஏவியவரும் இயற்றியவரும் அந்த மனிதரே. 'சிப் நடக்க வைத்தது' என்று பிறவினையாக்கிய கணத்தில் கருவி எழுவாயாகிறது, நடந்தவர் செயப்படுபொருளாகிறார். பக்கத்து அறைத் தெலுங்கு நண்பரிடம் கேட்டேன். அவர்கள் மொழியிலும் 'நடிபிஞ்சு' என்ற பிறவினை இதே வேலையைச் செய்கிறதாம்.

இந்த வாக்கியத்தில் காணாமற்போவது 'ஓடு' உருபு. 2011இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், மேலுறைத் தூண்டலைக் கொண்டு எழுந்து நின்ற இளைஞரைப் பற்றிய ஆய்வு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கருவி பொருத்தப்படுவதற்கு முன்பே, 26 மாதங்களில் 170 நடைப்பயிற்சி அமர்வுகளை அவர் முடித்திருந்தார். சுவிட்சர்லாந்து ஆய்வில் பங்கேற்றவரும் நெடுநாள் பயிற்சி பெற்றவரே. அதன் பயனாகக் கருவியை அணைத்த பின்னரும் ஊன்றுகோல்களோடு அவரால் நடக்க முடிந்தது. பயிற்றுநர் ஒருவர், தாங்கிப் பிடித்த கை ஒன்று, ஒவ்வொரு நாளும் யாரோ உடனிருந்தார்கள். செய்தித் தலைப்பில் அவர்களுக்கு ஓர் உருபுகூடக் கிடைப்பதில்லை.

கருவிக்குப் பங்கில்லை என்று நான் வாதிடவில்லை. அறுவை சிகிச்சையின்றித் தோலின்மீது வைத்துத் தூண்டும் முறையை, கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட 60 பேரிடம் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும். அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு தூண்டல். 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலிமை, செயல்திறன் ஆகிய இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அக்கருவிக்கு ஒப்புதல் அளித்தது. தூண்டல் பயனளித்தது உண்மை. பயிற்சியோடு சேர்ந்தே பயனளித்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நமக்கு இது புதுச் செய்தி அன்று. 1954இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணர். மடங்கிய விரலை நிமிர்த்த ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தினால், புதிய வேலையை அந்தத் தசை பயின்றாக வேண்டும். கத்தியின் வேலை சில மணி நேரம். பயிற்சியோ வாரக் கணக்கு. வேலூருக்கு இது அன்றே தெரியும்.

வாக்கியம் பிழையானால் எதிர்பார்ப்பும் பிழையாகிறது. சிப்தான் நடக்க வைக்கும் என்று நம்புபவர் இன்றைய பயிற்சியை நாளைக்குத் தள்ளுகிறார். மூட்டுகள் இறுகுகின்றன, படுக்கைப்புண் வருகிறது. நாளை கருவியே வந்தாலும் அதை ஏற்கும் நிலையில் உடல் இருக்காது. அரசுக்கும் இதே மயக்கம் வரலாம். கருவி வாங்குவது செய்தியாகும். மாவட்ட மருத்துவமனையில் ஓர் இயன்முறைப் பயிற்றுநரை அமர்த்துவது செய்தியாகாது.

ஆகவே இத்துறையைப் பற்றித் தமிழில் எழுதும், மொழிபெயர்க்கும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நடந்தவரை எழுவாயாக வையுங்கள். கருவிக்கு 'ஆல்' போதும். பயிற்றுநருக்கு 'ஓடு' கொடுங்கள்.

நேற்று அண்ணனை மீண்டும் அழைத்தேன். இலக்கணம் எதுவும் பேசவில்லை. "சிப்பு வந்தாலும் நடக்கப்போறது நீங்கதானண்ணே" என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "சரி, சாயந்திரம் அந்தக் கம்பியப் பிடிச்சு நின்னு பாக்குறேன்" என்றார்.