குழந்தைப் பொருள்களும் ஈய வரம்பும்

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. தீங்கற்ற அளவென்று ஒன்று இதுவரை அறியப்படவில்லை. ஆகவே, அமெரிக்க அரசாங்கம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குழந்தைப் பொருள்களில் ஈயத்திற்குக் கடுமையான வரம்பு விதித்தது முற்றிலும் நியாயமே. 2011 ஆகஸ்டு முதல் அவ்வரம்பு பொதுவாகப் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு. மேற்பூச்சு வர்ணத்தில் 90 பங்கு.

ஆனால், வெளிச் சோதனைக்கூடத்தில் சோதிக்கும் செலவு பேராலைக்கு அற்பம்; பத்தே உருப்படி செய்யும் கைத்தொழிலாளிக்கோ பெருஞ்சுமை. இக்குறை உணரப்பட்டு, சாயமிட்ட துணிக்கும் சாயமிடாத துணிக்கும் ஈயச் சோதனை வேண்டுவதில்லை என 2009-இல் தீர்மானித்தனர். 2011-இல் சிறு உற்பத்தியாளருக்குச் சோதனையில் சில சலுகைகள் கிடைத்தன. ஆயினும் அவர்களுக்காக ஈய வரம்பு தளர்த்தப்படவில்லை. இதுவே முறை.

துணிமேல் அச்சிடும் வர்ணமும் உலோகப் பொத்தானும் அவ்விதிவிலக்கில் அடங்கா. குழந்தையுடை தயாரிக்கும் அங்கத்தினர்கள் இதனைக் கருதுதல் வேண்டும். அவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே கடையில் வாங்காது, சோதனைச் சான்றுடன் சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்குவார்களாயின் செலவு குறையும், குழந்தைக்கும் காப்பாகும். தனியொருவரால் தாங்கவொண்ணாத சுமையைப் பலர் கூடித் தாங்குவதற்கன்றோ சங்கம் அமைத்தோம்?