இழுத்தடிக்கும் மனுக்கள் யாருக்கு லாபம்?

தோல் தொழிற்சாலை முதலாளிகளே! ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களிடம்தான் கேட்கிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் முதலாளிகளில் பலர் நம் சமுதாயத்தவர். தொழிலாளிகளிலும் நம்மவர் ஏராளம். தலித் சகோதரர்களும் ஏராளம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

விபத்து நடந்தால் பல முதலாளிகள் முதலில் தேடுவது வக்கீலை. வக்கீலும் மனுமேல் மனுப் போடுகிறார். காலதாமதம் என்று ஒரு மனு. மறு மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு மனு. ஆஜராகாமல் இருந்துவிட்டு ஒருதலைப்பட்ச உத்தரவை ரத்து செய்ய இன்னொரு மனு. இடையிடையே வாய்தா!

எதிர்வாதமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியை வழக்கில் சேர்க்கும் மனு நியாயமானது. அதை முதல் வாய்தாவிலேயே போடுங்கள். ஊனச் சான்றிதழில் சந்தேகமா? மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கேளுங்கள். ஆனால், பொறுப்பை எந்த அளவுக்கு ஏற்கிறீர்களோ அந்தத் தொகையை உடனே கட்ட வேண்டும் என்கிறது சட்டம். இதை எத்தனை வக்கீல்கள் உங்களுக்குச் சொன்னார்கள்?

'அவன் காண்ட்ராக்டர் ஆள்' என்கிறீர்கள். உங்கள் தொழில் வேலையைத்தானே செய்தான்? நீங்கள் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள். 'குடித்திருந்தான்' என்கிறீர்கள். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதம் செல்லவே செல்லாது. இறந்தவன் மீது குடிகாரப் பட்டம் சுமத்தி அவன் பிள்ளைகளைத் தலைகுனிய வைத்ததுதான் மிச்சம்!

கணக்குக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 வயதில், 15,000 ரூபாய் சம்பளத்தில் இறந்தவனுக்கு நஷ்டஈடு: 7,500 பெருக்கல் 207.98. அதாவது 15,59,850 ரூபாய். விபத்து நடந்த நாளிலேயே தொகை கடனாகிவிடுகிறது என்று 1975லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, ஆண்டுக்கு 1,87,182. தகுந்த காரணமின்றி இழுத்தால் அபராதம் 50 சதவீதம் வரை. அந்த அபராதம் இன்சூரன்ஸ் கம்பெனியின் தலையில் விழாது, முதலாளியின் தலையில்தான் என்பது 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வாய்தா வாங்கும் வக்கீலுக்கு ஃபீஸ். வட்டிக்கும் அபராதத்துக்கும் நீங்கள்! (இ.எஸ்.ஐ.யில் ஒழுங்காகச் சேர்த்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. அது தனிக் கதை.)

அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் மாறியது; முதலாளியின் பொறுப்பு மாறவில்லை. மேல்முறையீடு செய்யவும் முழுத் தொகையைக் கட்டிய சான்று வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. 'வெளியே போக வேண்டாம், நாமே பேசி முடிப்போம்' என்று சொல்லி ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து ரசீது வாங்குவது சமரசமா? மரண நஷ்டஈட்டை நேரடியாகக் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுத்ததே ஆகாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் தரலாம். மற்றதெல்லாம் அதிகாரியிடம் டெபாசிட்டாகப் போக வேண்டும். மனைவி, மக்கள், பெற்றோர் யாருக்கு எவ்வளவு என்று அவர் பங்கிடுவார். சட்டம் முதலாளிக்குத் தந்திருக்கும் தவணை ஒரு மாதம். அந்தப் பெண்ணின் இத்தாவோ நான்கு மாதம் பத்து நாள். இத்தாவில் இருப்பவளின் வீட்டு வாசலுக்கு வெள்ளைத் தாளோடும் மைப்பெட்டியோடும் போய் நிற்காதீர்கள்!