ஒன்பது நிமிடப் பாடம்

ஹவாயின் ஓவாஹுத் தீவில் ஹனவுமா என்றொரு விரிகுடா உண்டு. எரிமலை வாயொன்றின் சுவர் ஒருபுறம் உடைய, கடல் உட்புகுந்து உருவானது அது. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து, நீரில் மிதந்தபடியே பவளத்திட்டையும் வண்ண மீன்களையும் காண மக்கள் அங்குத் திரள்கின்றனர்.

1967ஆம் ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாயிற்று, மீன்பிடித்தல் நின்றது. ஆயினும் கேடு வேறு வழியில் வந்தது. வந்தவர்கள் பரிவோடு மீன்களுக்கு ரொட்டி இட்டனர். களைத்தபோது, கல்லென்று எண்ணிப் பவளத்தின் மீது நின்றனர். பவளம் வெறும் கல்லன்று, சிற்றுயிர்களின் குடியிருப்பு. மிதித்தால் மடியும், மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும்.

பின்னர், உணவிடுதல் தடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு முதல், கரைக்கு இறங்குமுன் ஒன்பது நிமிடப் படமொன்றைக் காண்பது கட்டாயமாயிற்று. எதைத் தொடலாகாது, எங்கே நிற்கலாகாது என்று அது கற்பிக்கிறது.

அங்கே தீங்கிழைத்தோர் பகைவரல்லர். அழகை நேசித்து வந்த விருந்தினரே. அறிவில்லா அன்பும் அழிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? சுற்றுலாவுக்கு மூட்டை கட்டுமுன், செல்லுமிடத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாமும் ஒன்பது நிமிடம் சொல்லித் தருவோமே!