நேப்பிள்ஸ் போகணுமா? முதலில் காலண்டரை எடுங்கள்!

வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன் என்று சொன்னால் நம் ஹாஸ்டலில் ஒரு சிரிப்பு கிளம்பும். "காசு இருக்கிறவன் போறான், நமக்கு எதுக்குடா திட்டம்?" என்பார்கள். நான் அதைத் தலைகீழாகச் சொல்கிறேன். காசு இருக்கிறவனுக்குத் திட்டமே வேண்டாம். ரயிலை விட்டால் டாக்சி பிடிப்பான். மியூசியம் மூடியிருந்தால் இன்னொரு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வருவான். ஒரே ஒரு தப்புக்குக்கூடக் கையில் பணம் இல்லாத நமக்குத்தான் திட்டம் வேண்டும்!

இத்தாலியின் தென்பகுதியில் கடலோரமாக இருக்கிற நேப்பிள்ஸ் நகரத்தையே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நாப்பொலி. ரோம் இருக்கு, வெனிஸ் இருக்கு, இந்த ஊர் ஏன் என்பீர்கள். மெக்கானிக்கலும் சிவிலும் படிக்கிற நமக்கு அங்கேதான் பார்க்க விஷயம் இருக்கிறது. இத்தாலியின் முதல் ரயில் 1839-இல் ஓடியது நேப்பிள்ஸுக்கும் போர்ட்டிச்சிக்கும் நடுவேதான். நான் இன்னும் போனதில்லை. வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கி ஒருநாள் போவேன். அதற்காக ஓராண்டாக நோட்டில் எழுதி வைத்ததிலிருந்துதான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பெயர்! சிரிக்காதீர்கள். நமக்கெல்லாம் இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாங்க் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுதாக விரித்து எழுத வேண்டியிருக்கும். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் விசா, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். பொம்பெய் இடிபாடுகளைப் பார்க்கப் போகிற டிக்கெட்டில்கூட 2024 நவம்பரிலிருந்து பெயர் வந்துவிட்டது. நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதும் இல்லை. பதினெட்டு வயதானவர்களுக்கு பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லும், சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். இதை இப்போதே எடுத்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

அடுத்தது ஷெங்கன் விசா. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. சேவைக் கட்டணமும் சேர்த்தால் ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது! எங்க அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். பலகையைத் தப்பாக அறுத்துவிட்டால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் ரெண்டு தடவை அளந்த பிறகுதான் ரம்பத்தைத் தொடுவார். அந்தக் குணம் நமக்கும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குள் போனால் கதை முடிந்தது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிட ஆதாரம், பாங்க் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் விமான நிலையத்தில் கைரேகையும் போட்டோவும் எடுக்கிறார்கள். ரோமில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் அடுத்த ரயிலைப் பிடிப்பேன் என்று டிக்கெட் எடுத்து வைத்தால் வரிசையில் நின்று தவிக்க வேண்டியதுதான்.

தேதி குறிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், பொம்பெயில் ஒதுங்க நிழல் அபூர்வம். ஆகஸ்டு 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை, பல கடைகள் மூடிக் கிடக்கும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் தோதானது. மே 1 அன்று பொம்பெய் மூடியிருக்கும். தொழிலாளர் தினத்தன்று மூடுவது நியாயம்தானே! பொம்பெயில் தோண்டி எடுத்த சித்திரங்களும் பாத்திரங்களும் இருக்கிற தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் டிக்கெட் கிடையாது. ஓசி என்றால் கூட்டம் அலைமோதும், அதற்கும் துணிந்தவர் போகலாம்.

ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் எழுபது நிமிஷம்தான். முன்கூட்டியே எடுத்தால் மலிவு, அன்றைக்கே போய் நின்றால் கை சுடும். சாதாரண ரயில் மெதுவாகப் போகும், ஆனால் கட்டணம் எப்போதும் ஒன்றே. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். நேப்பிள்ஸிலிருந்து பொம்பெய்க்கும் சொரெண்டோவுக்கும் போகிற உள்ளூர் ரயில் பாதை நம் பழைய மீட்டர் கேஜையும்விட ஒல்லி, 950 மில்லிமீட்டர்! அதில் கூட்டமும் அதிகம், பிக்பாக்கெட்டும் உண்டு. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டால் போதும். நேப்பிள்ஸ் என்றாலே திருட்டு ஊர் என்று பயமுறுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. கூட்டமான எந்தப் பஸ்ஸிலும் நாம் காட்டுகிற ஜாக்கிரதைதான் இது. பொம்பெய் என்ற பெயரில் ஸ்டேஷன் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இடிபாடுகளுக்குப் போகிறவர்கள் சொரெண்டோ ரயிலில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில், பஸ் ஊழியர்கள் அடிக்கடி செய்வார்கள். சுற்றுலாப் பயணிகள் அதைத் திட்டி எழுதுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. 1990-இல் வந்த சட்டப்படி அங்கே பத்து நாள் முன்பாவது அறிவிக்க வேண்டும். வேலை நாட்களில் உள்ளூர் ரயில்களைக் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் ஓட்ட ஏற்பாடு இருக்கிறது. தொழிலாளி முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறான். பார்த்துக்கொள்வது நம் வேலை!

பேக்கேஜ் டூரில் காலையில் ரோமில் பஸ் ஏற்றி, பொம்பெயைக் காட்டி, இரவே ரோமுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. அதற்கு நான் எதிரி. நேப்பிள்ஸிலேயே ஐந்து நாள் தங்கினால் தினம் ஒரு ஊருக்குப் பெட்டி தூக்கிற செலவு இல்லை. மேட்டில் ஏற நான்கு கேபிள் ரயில்கள் இருக்கின்றன. ஒரு பெட்டி இறங்கும்போது அதன் எடையே மறு பெட்டியை ஏற்ற உதவுகிறது. அதில் பழையது 1889-இல் ஓட ஆரம்பித்தது. 2012-இல் திறந்த டொலேடோ மெட்ரோ நிலையம் தரைக்கு 50 மீட்டர் கீழே! முனிசிப்பியோ நிலையத்துக்குப் பள்ளம் தோண்டியபோது ரோமானியர் காலக் கப்பல்களே கிடைத்தன. சிவில் நண்பர்கள் பக்கத்து ஊர் பொட்சுவோலிக்கும் போக வேண்டும். அங்கே பூமியே ஏறி இறங்குகிறது. 1982-க்கும் 84-க்கும் நடுவே தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. இப்போதும் உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது, சின்னச் சின்ன நிலநடுக்கமும் வரும். அதனால் ஓட்டல் எடுக்கும்போது அந்தப் பக்கமா, நகரத்து நடுவிலா என்று யோசித்து எடுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். பீட்சா பிறந்த ஊர், மலிவாகவே வயிறு நிறையும். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. ஓட்டலில் உட்கார்ந்ததற்கே தலைக்கு ஒரு தொகை பில்லில் ஏறும், அது ஏமாற்று அல்ல, அங்கத்திய வழக்கம். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு சேதி: அங்கே குடியேறிய வெளிநாட்டவரில் இலங்கைக்காரர்கள் நிறைய. சிங்களவர்தான் அதிகம் என்றாலும் சோறும் பருப்பும் கிடைத்துவிடும்.

ஐந்தாம் நாளை நான் பியத்ரார்சாவுக்கு வைத்திருக்கிறேன். முதல் ரயில் பாதையின் ஓரத்திலேயே இருந்த எஞ்சின் தொழிற்சாலை அது, இப்போது ரயில்வே அருங்காட்சியகம். வேலை பறிபோவதை எதிர்த்து நின்ற தொழிலாளிகளை 1863 ஆகஸ்டில் சுட்டுக் கொன்ற இடமும் அதுதான். வாரத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள். ஆகவே வெள்ளி, சனியாகப் பார்த்து வருகிற மாதிரி மற்ற நாட்களை அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வைத்திருக்கிறேன்.