பிணை கிடைத்தும் திறக்காத கதவுகள்

"காவல்துறையினர் அவரைக் கைது செய்து, நீதிமன்றத்தில் நிறுத்தி, சிறையில் அடைத்தனர்." நாளிதழ்களில் நாம் அடிக்கடி வாசிக்கும் வரி இது. பெரும்பாலும் செய்தி அத்துடன் முடிந்துவிடும். வாசிக்கும் நம் மனத்திலும் வழக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். சில நாள்கள் கழித்து அதே மனிதர் தெருவில் நடமாடுவதைக் கண்டால், "பணத்தைக் கொடுத்து வெளியே வந்துவிட்டான்" என்கிறோம். இவ்விரண்டு எண்ணங்களும் சரிதானா என்று இன்று சற்றுச் சிந்திப்போம்.

நம் நாட்டின் சிறைகளில் இருப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மீது எந்த நீதிமன்றமும் இன்னும் குற்றவாளி எனத் தீர்ப்புச் சொல்லவில்லை. நாம் சிறை என்றதும் தண்டனையை நினைக்கிறோம். நம் சிறைகளோ பெரும்பாலும் காத்திருப்போர் கூடங்களாகவே இருக்கின்றன.

கைது முதல் பிணை வரை

ஒருவர் கைதானவுடன் என்ன நடக்க வேண்டும்? ஏன் கைது செய்யப்படுகிறார் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தப்பட வேண்டும். இவை அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தரும் உறுதிகள். அவர் கைதான செய்தியைக் குடும்பத்தினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பதும் காவல்துறையின் கடமை. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் கைது தானாக நிகழக் கூடாது, அதற்கான தேவையைக் காவல்துறை எழுத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவுபடுத்தியது.

நீதிபதி முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்கள் வெறும் சடங்கு அல்ல. உடலில் காயம் இருந்தால் அங்கே சொல்ல வேண்டும். நீதிபதியும் கேட்க வேண்டும். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும், நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட சில நாள்களிலேயே உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. காவல் நிலையத்தில் நடந்ததைக் கண்டுகொள்ள வேண்டிய முதல் கண்கள் நீதிபதியின் கண்களே என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்தியது.

அடுத்து வருவது பிணை. நம் ஊர்ப் பேச்சில் ஜாமீன். குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. பிணையில் விடத்தக்க குற்றம் என்றால், பிணை என்பது சலுகை அன்று, உரிமை. காவல் நிலையத்திலேயே பெறலாம். பிணையில் விட முடியாத குற்றம் என்ற பெயர் பலரைப் பயமுறுத்துகிறது. அதற்குப் பிணையே கிடையாது என்று பொருளல்ல. பிணை தருவதா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதே பொருள். இவர் தப்பி ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, ஆதாரங்களை அழிப்பாரா என்றெல்லாம் நீதிபதி எண்ணிப் பார்ப்பார். பெண்கள், நோயுற்றோர், தளர்ந்தோர் ஆகியோருக்குத் தனிக் கரிசனை காட்டவும் சட்டத்தில் இடமுண்டு.

காவல்துறை குறித்த காலத்திற்குள் புலன்விசாரணையை முடிக்காவிட்டாலும் பிணை பெறும் உரிமை பிறக்கிறது. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால், பிணை கேட்கும் கைதியை விட்டாக வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டம் இன்னொரு வாசலையும் அகலமாக்கியிருக்கிறது. இதற்கு முன் தண்டனை பெறாத ஒருவர், தம்மீது சுமத்தப்பட்ட குற்றத்திற்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்கு இது பாதிக் காலம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், பல வழக்குகளில் சிக்கியிருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அக்காலம் முடிந்ததும் நீதிமன்றத்திற்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளில் இருப்போருக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது.

சட்டம் இவ்வளவு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. இருந்தும் இலட்சக்கணக்கானோர் ஏன் உள்ளே இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. வழக்குகளின் தேக்கம், வழக்கறிஞர் இல்லாமை எனக் காரணங்கள் பல. அவற்றில் நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. பிணை உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

ஆள் இல்லாதவர்கள்

பிணை உத்தரவுகளில் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை என்ன? ஒரு குறிப்பிட்ட தொகைக்குச் சொந்தப் பிணைப் பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும் தர வேண்டும். அவ்விருவரில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்றுகூடச் சில உத்தரவுகள் கூறுகின்றன. ஜாமீன்தாரர்கள் அடையாள அட்டை, புகைப்படம், சொத்துக்கோ வருமானத்துக்கோ சான்று ஆகியவற்றுடன் நீதிமன்றம் வர வேண்டும். நிலபுலனும் உறவும் உள்ளவர்களுக்கு இது அரை நாள் வேலை. நடைபாதையில் வாழ்பவருக்கும், வீட்டை விட்டு விரட்டப்பட்ட பெண்ணுக்கும், தொலைதூர மாநிலத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவருக்கும் இது தாண்ட முடியாத மதில். இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்களும் வாடகை ஜாமீன்தாரர்களும் நுழைகிறார்கள். "பணத்தைக் கொடுத்து வெளியே வந்துவிட்டான்" என்று நாம் சொல்வதில் உண்மை இருக்குமானால், அது பணம் இல்லாதவன் உள்ளேயே கிடக்கிறான் என்ற மறுபக்க உண்மையையும் சேர்த்தே சொல்கிறது.

இது புதிய சிக்கல் அன்று. 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் முன் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. அவருக்குப் பிணை வழங்கப்பட்டிருந்தது. மத்தியப் பிரதேச நீதிபதி ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தபோது, அவரும் அவரது சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்த நிபந்தனைகளை நீக்கி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். தொலைதூர ஊரில் கைதாகும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்றும் அத்தீர்ப்பில் அவர் கேட்டார். இன்று அந்தக் கேள்வி திரும்பி நம்மிடமே வருகிறது. திருப்பூரிலோ சென்னையிலோ கைதாகும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளிக்கு யார் ஜாமீன் நிற்பார்?

அதற்கு மறு ஆண்டு, 1979இல், பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா கத்தூன் வழக்கு நாட்டையே வெட்கப்பட வைத்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால்கூட அனுபவித்திருக்க முடியாத அளவு நீண்ட காலத்தை, விசாரணையே இல்லாமல் சிலர் சிறையில் கழித்திருந்தனர். விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

2022ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு நாள் விழாவில், குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள், சிறைகளில் வாடும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகள் முன்னிலையில் மனம் திறந்து பேசினார். அதன்பின், 2023 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் சில வழிகாட்டுதல்களைத் தந்தது. பிணை கிடைத்தும் ஏழு நாள்களுக்குள் ஒருவர் விடுதலையாகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் ஜாமீன் தர இயலவில்லை என்றால், நிபந்தனைகளைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமாகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஏழைக் கைதிகளின் பிணைத் தொகைக்கு உதவும் மத்திய அரசின் திட்டமும் அதே ஆண்டில் வந்தது.

நம்மவர் ஒருவர்

நம் திருச்சபையின் நினைவில் நீங்காத ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். திருச்சி மண்ணில் பிறந்த இயேசு சபை அருட்தந்தை ஸ்டான் சுவாமி அவர்கள், ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். விசாரணையின்றிச் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்து, அவர்களுக்காக நீதிமன்றக் கதவையும் தட்டியவர். 2020 அக்டோபர் 8 அன்று அவரே கைதானார். பீமா கோரேகான் வழக்கில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அச்சட்டத்தின்படி, குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மையென நம்ப நியாயமான அடிப்படை இருப்பதாக நீதிமன்றம் கருதினாலே பிணை தரக் கூடாது. 80 வயதைக் கடந்தவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியவர் என்ற நிலையிலும், 2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் அவருக்குப் பிணை மறுத்தது. 2021 ஜூலை 5 அன்று, உயர் நீதிமன்றத்தில் பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை மருத்துவமனையில் அவர் இறைவனடி சேர்ந்தார். விசாரணைக் கைதிகளுக்காக உழைத்தவர் விசாரணைக் கைதியாகவே மறைந்தார்.

அவருக்காகக் குரல் கொடுக்கத் திருச்சபை இருந்தது, உலகம் இருந்தது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்கு யார் இருக்கிறார்கள்?

பிணைக்குத் தடை சொல்வோரின் கவலையையும் நாம் புறந்தள்ள முடியாது. குற்றத்தால் காயப்பட்ட குடும்பம், குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வருவதைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அதற்காகவே காவல் நிலையத்தில் கையெழுத்திடுதல், ஊருக்குள் வராதிருத்தல், சாட்சிகளை அணுகாதிருத்தல் போன்ற நிபந்தனைகள் விதிக்கப்படுகின்றன. மீறினால் பிணையை ரத்து செய்யலாம். பிணை என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அன்று. தீர்ப்பு வரும் நாளில் வந்து நிற்பேன் என்ற உறுதிமொழி மட்டுமே.

நாம் என்ன செய்யலாம்?

திருத்தூதர் பணிகள் நூலில் இதற்கு இரண்டு காட்சிகளைக் காண்கிறோம். செசரியாவில் ஆளுநர் பெலிக்சு, பவுலைக் குற்றவாளி என்றும் சொல்லாமல், விடுவிக்கவும் செய்யாமல், கையூட்டு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஈராண்டுகள் காவலில் வைத்திருந்தான். விசாரணைக் கைதிகளின் வேதனையைத் திருத்தூதரே அனுபவித்திருக்கிறார். தெசலோனிக்காவிலோ, பவுலுக்குத் தங்க இடம் கொடுத்த யாசோன் என்பவரை நகர அதிகாரிகள் முன் இழுத்துச் சென்றபோது, அவரும் மற்றவர்களும் பிணை கொடுத்து வெளியே வந்தனர். அந்நியருக்கு வீட்டைத் திறந்ததால் வந்த துன்பம் அது. அதை அவர்கள் சேர்ந்தே தாங்கினார்கள்.

நம் பங்குகளில் இன்று செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. காவலில் இருக்கும் எவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை அன்பியக் கூட்டங்களில் சொல்லலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். கைதானவரின் குடும்பத்துடன் நீதிமன்றம் வரை செல்ல ஒருவரையாவது அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்தத் துணையே பெரிது. மறைமாவட்டச் சிறைப்பணிக் குழுவினரிடம், பிணை கிடைத்தும் உள்ளே இருப்பவர் எவரேனும் உண்டா என்று கேட்கலாம்.

ஜாமீன் நிற்பது பற்றிய அச்சத்தையும் சற்றுக் களையலாம். பொதுவாக ஜாமீன்தாரர் முன்பணம் எதுவும் கட்டுவதில்லை. அவர் நீதிமன்றத்திற்கு வராமல் தலைமறைவானால், பத்திரத்தில் எழுதிய தொகைக்கு நாம் பொறுப்பாக நேரிடும். எனவே ஆளையும் குடும்பத்தையும் அறிந்து, வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே முன்வர வேண்டும். பின்னர் விலகிக்கொள்ள விரும்பினாலும் நீதிமன்றத்தை அணுக வழியுண்டு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தும் விலகிப் போகாமல் இருந்தால் போதும்.

2024 டிசம்பர் 26 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் உரோமையின் ரெபிபியா சிறையில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்து வைத்தார். சிறைக்குள் இருக்கும் சகோதரருக்கும் எதிர்நோக்கு உண்டு என்பதே அதன் செய்தி. இறுதித் தீர்ப்பைப் பற்றிப் பேசிய நம் ஆண்டவர், சிறையில் இருந்தவரைத் தேடிச் சென்றாயா என்று கேட்பதாகக் கூறினார். அவர் குற்றவாளியா நிரபராதியா என்று நாம் தீர்ப்பிட்டோமா என அவர் கேட்கவில்லை. அடுத்த முறை செய்தித்தாளில் "சிறையில் அடைக்கப்பட்டார்" என்ற வரியை வாசிக்கும்போது, "இவருக்கு ஆள் இருக்கிறதா?" என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். இல்லை என்று தெரிய வந்தால், அந்த ஆளாக இருக்க நம் பங்கு முன்வரட்டும்.