பிரம்பு போன இடத்தில் எதை வைத்தோம்?

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஏதோ ஒரு பள்ளியில் மாணவன் ஆசிரியரை எதிர்த்துப் பேசினான், கை ஓங்கினான் என்று செய்தி வந்தால் போதும். "பிரம்பைப் பிடுங்கியதால் வந்த வினை" என்று வாட்ஸ்அப்பில் வரிசையாக வரும். "நாங்க எல்லாம் அடி வாங்கித்தானே டீச்சர் ஆளானோம்" என்று என்னிடம் படித்த பிள்ளைகளே எழுதுகிறார்கள்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் பயமும் அவமானமும் பொய்யில்லை. 34 வருடம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு அது தெரியும். ஆனாலும் பிரம்பு திரும்பி வர வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்வதற்கு முன், போலந்து நாட்டு யூதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் யானுஸ் கோர்ச்சாக். அது புனைபெயர், இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரில் குழந்தை மருத்துவர், எழுத்தாளர். 1912-ல் க்ரோக்மால்னா தெருவில் திறந்த யூத அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே இருந்த நூறு பிள்ளைகள்தான் குடும்பம். அன்றாட நிர்வாகத்தைச் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்ற அம்மையார். கோர்ச்சாக்கைப் புகழ்பவர்கள் பல நேரம் இவரை மறந்துவிடுகிறார்கள். நூறு பேருக்குச் சோறும் துணியும் நேரத்துக்குக் கிடைத்தால்தான் எந்தக் கல்விக் கொள்கையும் நிற்கும் என்பது வீடு நடத்தும் பெண்களுக்குத் தெரியும்.

அந்த இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது. யார் மீதும் யாரும் புகார் கொடுக்கலாம், பெரியவர்கள் மீதும் கொடுக்கலாம். அந்த வாரம் வழக்கில் சிக்காத பிள்ளைகளில் ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி நீதிபதி ஆக்குவார்கள். ஆசிரியர் எழுத்தர் மட்டுமே, அவருக்கு ஓட்டு கிடையாது. சட்டப் புத்தகத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பும் விடுதலையும்தான். தெரியாமல் செய்துவிட்டான், வருத்தப்படுகிறான், இனித் திருந்துவான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. 100-க்கு மேல்தான் கடுமை. 1000 என்ற கடைசிப் பிரிவு இல்லத்தை விட்டு அனுப்புவது.

அரை வருடத்தில் கோர்ச்சாக் ஐந்து முறை தன்னைத்தானே அந்த மன்றத்தில் நிறுத்திக்கொண்டார். ஒருவன் காதில் அறைந்தது, இன்னொருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு சிறுமி மீது திருட்டுப் பட்டம் சுமத்தியது, இப்படிப்பட்ட வழக்குகள். ஆசிரியரும் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

இது செல்லம் கொடுப்பது இல்லை. புகார் கொடுத்தவன் மன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் "டீச்சர், இவன் கிள்ளிட்டான்" என்று ஓடி வருகிற புகாரில் பாதி மதிய மணி அடிப்பதற்குள் மறந்துபோகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மீதிப் பாதியைத்தான் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அடிக்கு ஒரு நொடி போதும், கேட்பதற்கு அரை மணி வேண்டும். பிரம்பின் மீது நமக்கு இருக்கும் ஆசையில் பெரும்பங்கு இந்த அவசரம்தான்.

1926-ல் கோர்ச்சாக் பிள்ளைகளுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். எழுதியவர்களும் பிள்ளைகளே. போர் மூண்ட 1939 வரை அது வந்தது. வானொலியில் "முதிய டாக்டர்" என்று பேசினார். யூதர் என்பதால் சொந்தப் பெயரைச் சொல்ல முடியாத காலம் அது.

பிறகு ஹிட்லரின் படை வந்தது. 1940-ல் இல்லத்தையே கெட்டோவின் மதிலுக்குள் தள்ளினார்கள். பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்ததற்கு நியாயம் கேட்கப் போன கோர்ச்சாக்கைச் சிறையில் அடைத்தார்கள். பட்டினிக்கு நடுவிலும் பாடம், மன்றம், நாடகம் எல்லாவற்றையும் நடத்தினார். 1942 ஜூலையில் அந்தப் பிள்ளைகள் நடித்தது நம் தாகூரின் 'தபால் நிலையம்'. நோயில் அடைபட்டு ஜன்னல் வழியே உலகத்தைப் பார்க்கும் சிறுவனின் கதை. அடுத்த மாதம் சுமார் 200 பிள்ளைகளையும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். தப்பிக்க வழி செய்து தருவதாக நண்பர்கள் சொல்லியும் கோர்ச்சாக் போகவில்லை. அவரும் ஸ்டெஃபானியாவும் மற்ற ஆசிரியர்களும் பிள்ளைகளோடு போனார்கள். யாரும் திரும்பவில்லை.

இந்தக் கடைசிப் பயணத்துக்காகத்தான் உலகம் அவரை நினைக்கிறது. நான் அதற்கு முந்தைய முப்பது வருடத்தை நினைக்கச் சொல்கிறேன். குழந்தைக்கும் மானம் உண்டு என்று சொன்னதோடு நிற்காமல், அதைக் காப்பாற்ற ஏற்பாடுகள் செய்தார். 1978-ல் குழந்தை உரிமைக்கு உலக உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா.வில் முன்மொழிந்தது அவருடைய போலந்துதான். 1989-ல் அது நிறைவேறியது, 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அடியையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது.

இங்கேதான் என் குறை. சட்டம் போட்டுப் பிரம்பை எடுத்துவிட்டோம். சரிதான். அந்த இடத்தில் எதை வைத்தோம்? பெரும்பாலான வகுப்புகளில் ஒன்றுமே வைக்கவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, பிள்ளை குறை சொல்ல இடம் இல்லை, பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டம் மட்டும் குறையவில்லை. காலியான அந்த இடத்தைப் பார்த்துத்தான் "பிரம்பு போனதால் கெட்டது" என்கிறோம்.

"அவருக்கு இல்லம், நமக்கு 45 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட்" என்று வேலையில் இருக்கும் நீங்கள் சொல்வீர்கள். நியாயம். முழு நீதிமன்றம் வேண்டாம். ஒரு புகார் நோட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அரை மணி, சீட்டுக் குலுக்கி ஐந்து பிள்ளைகள் போதும். நான்காம் வகுப்பில் நான் வைத்திருந்த நோட்டில் திங்கட்கிழமை எழுதியதை வெள்ளிக்கிழமை தாங்களே அடித்துவிடுவார்கள். சண்டை நின்றுவிடவில்லை. ஆனால் மௌனமாக இருந்த பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள்.

உறவுகளுக்கும் ஒன்று. பிள்ளை அழுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மார்க் ஷீட்டைக் குடும்பக் குரூப்பில் போட்டு மாமா, சித்தப்பாவை எல்லாம் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீர்கள். அந்தப் பஞ்சாயத்தில் பிள்ளைக்குப் பேச இடமே கிடையாது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இந்த நோட்டை ஒரு பருவம் முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பலிக்கவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள், பேசுவோம்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்