வெள்ளம் வருமுன் பிள்ளைகளின் பத்திரங்களைக் காப்போம்



2021 டிசம்பர் 18. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, நம்மவர்கள் பலர் பிள்ளைகளோடு மேல்மாடியில் உதவிக்குக் காத்திருந்தார்கள். மீட்புப் படகுகள் தாமதமானதைப் பற்றி அன்று நாடே பேசியது. தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை யார் பேசினார்கள்?

அதன் பின்னர் ஒரு தாய், அடித்துச் செல்லப்பட்ட பிறப்புப் பத்திரம் தொடர்பாக என்னைக் காண வந்தார். மகனுக்கு ஆஸ்துமா. நிவாரண மையத்தில் அவனுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது, "நீலம் ஒன்று, காப்பி நிறம் ஒன்று" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கிளினிக் அட்டை வீட்டோடு போய்விட்டது. கீழ்த்தளத்தில் இருந்த கிளினிக்கின் கோப்புகளும் நனைந்துவிட்டன. பையன் பிழைத்தது அவன் நல்ல நேரம். நல்ல நேரத்தை நம்பியா நாம் பிள்ளை வளர்ப்பது?

பிறப்புப் பத்திரம் இல்லாத நம் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். அவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள் என்பதற்கு மருத்துவமனைச் சீட்டும் தடுப்பூசிப் புத்தகமும்தான் பல வேளைகளில் சாட்சி. அவை போனால் குடியுரிமை வழக்கே பலவீனமாகிவிடும்.

பெற்றோர்களே, பிறப்புப் பத்திரம், மைகிட், தடுப்பூசிப் புத்தகம், மருந்து லேபல் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். வேறு ஊரில் உள்ள உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். அசல்களையும் ஒரு வாரத்துக்கான மருந்தையும் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். "நீங்கள் மூடினால் நாங்கள் எங்கே போவது?" என்று உங்கள் கிளினிக்கில் இன்றே கேளுங்கள்.

குழந்தை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவுகளின் நகலை வேறிடத்தில் வையுங்கள். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போனால் அவற்றை எங்கே மாற்றுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். இன்சுலினையும் நெபுலைசரையும் நம்பி வாழும் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, வெள்ள எச்சரிக்கை வந்ததும் அந்தக் குடும்பங்களை அழையுங்கள்.

அரசாங்கத்திற்கு நாம் நினைவூட்ட வேண்டியதும் உண்டு. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 24ஆம் விதி, சுகாதாரத்தைப் பிள்ளையின் உரிமை என்கிறது. நிவாரண மையத்தில் சிகிச்சை கேட்டு வரும் பிள்ளையிடம் முதலில் பத்திரம் கேட்பது நியாயமல்ல.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் வருகிறது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்போம். அதற்கு முன், இன்றிரவே அலமாரியைத் திறப்போம்.